காரணம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்: எல்லையில் எந்த மாநிலச் சட்டம் செல்லும்?

தத்தமங்கலத்துக் குடித்தனக்காரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர்-தத்தமங்கலம் நகராட்சி எல்லைக்குள் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் பல வருடங்களாகக் குடியிருந்து வருகிறோம். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். குடிவந்தபோது முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்குக் கரார் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதை ஒரே ஒரு முறை புதுப்பித்ததோடு சரி. அதன் பிறகு அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாடகையை மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில் அனுப்பி விடுகிறோம். பாக்கி எதுவும் கிடையாது.

சென்ற வாரம் அவரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்றும், தன் வீட்டைத் தான் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய தம்பி வந்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பின்கட்டுக்குப் போய், மோட்டார் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தேதி தாண்டினால் ஃபியூஸைக் கழற்றிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். பிள்ளைகள் இருவரும் இங்கே தமிழ் வழியில் படிக்கிறார்கள். ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் வேறு ஊருக்குப் போக முடியாது.

எனக்குள்ள சந்தேகங்கள் இவை. கரார் காலாவதி ஆகிவிட்டதால் எங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா? வீட்டுக்காரர் தமிழ்நாட்டில் இருப்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லுமா? காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியுமா? கரார் மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு மலையாளம் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:

சகோதரிக்கு வணக்கம். இடம் எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கட்டடம் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலத்தின் வாடகைச் சட்டமே அதற்குச் செல்லும். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும், உங்கள் ரேஷன் கார்டு எங்கே இருந்தாலும், தத்தமங்கலத்து வீட்டுக்குக் கேரளச் சட்டம்தான். அதன் பெயர் 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம்.

ஆனால் அந்தச் சட்டம் கேரளம் முழுவதற்கும் தானாகப் பொருந்துவதில்லை. அட்டவணையில் சேர்க்கப்பட்ட இடங்களுக்கும், பின்னர் அரசு அறிவிக்கை மூலம் சேர்க்கப்பட்ட இடங்களுக்கும் மட்டுமே அது செல்லும். நகராட்சிப் பகுதிகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும், பஞ்சாயத்துகளில்தான் குழப்பம். எனவே உங்கள் வார்டு அறிவிக்கைக்குள் வருகிறதா என்பதைச் சிற்றூர் முன்சீப் கோர்ட்டில் (கீழ்நிலை சிவில் நீதிமன்றம்) வழக்காடும் எந்த வக்கீலிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு அது மனப்பாடம். உங்கள் வழக்கு பாதிக்குமேல் அந்த ஒரு பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

சட்டம் பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட மிகவும் பலமானது. 11ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, வேறு எந்தச் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ எது எழுதப்பட்டிருந்தாலும், இந்தச் சட்டத்தில் சொன்ன வழியில் அல்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது என்கிறது. பதினொரு மாதம் முடிந்தால் சாவியை ஒப்படைப்பேன் என்று கராரில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த வரியைக் காட்டி உங்களை இறக்கிவிட முடியாது. குடித்தனக்காரர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே, குடித்தனக் காலம் முடிந்த பிறகும் இருப்பை, அதாவது வீட்டைத் தன் வசம் வைத்திருப்பதை, தொடர்பவர் சேர்க்கப்பட்டிருக்கிறார். கரார் காலாவதியானால் உரிமையும் காலாவதி என்று உங்களிடம் சொன்னவர்கள் வேறு ஏதோ மாநிலத்து நடைமுறையைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியேற்றம் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சட்டம் வரிசைப்படுத்தும் காரணங்களில் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். முன்சீப்தான் அந்த நீதிமன்றத்தை நடத்துவார். வாடகை பாக்கி, சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தின் மதிப்பு நிலையாகக் குறையும்படி நாசம் செய்தல், அதே ஊரில் குடித்தனக்காரருக்குப் போதுமான வேறு கட்டடம் கைவசம் இருத்தல், தக்க காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் பூட்டிப் போடுதல், இடித்துக் கட்ட வேண்டிய அவசியம், வீட்டுக்காரருக்கோ அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கோ குடியிருக்க வேண்டியிருத்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 'என் வீடு, எனக்கு வேண்டும்' என்பது மட்டும் அந்த வரிசையில் கிடையாது.

பாக்கி விஷயத்தில்கூட ஒரு கருணை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் முதலில் பாக்கியைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; கிடைத்த பதினைந்து நாளுக்குள் செலுத்தாவிட்டால்தான் மனு செல்லும். உத்தரவு வந்த பிறகும், ஒரு மாதத்துக்குள் பாக்கியை 6 சதவீத வட்டியோடும் வழக்குச் செலவோடும் கட்டிவிட்டால் உத்தரவை ரத்து செய்துவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் அவர் நாளைக்கு வக்கீலைப் பார்த்தால், பெரும்பாலும் 11(3)ஐத்தான், அதாவது சொந்தத் தேவையைத்தான் காரணமாகச் சொல்வார். எனவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தேவை மெய்யானதாக இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர். மகனுக்காகக் கேட்கிறேன் என்றால், மகன் சம்பாதிக்கிறானே, அவன் எப்படிச் சார்ந்தவன் என்று நாம் வாதாடுவது எடுபடாது. பணத்துக்குச் சார்ந்திராவிட்டாலும் வீட்டுக்குத் தந்தையைச் சார்ந்திருந்தால் போதும் என்றே கேரள நீதிமன்றங்கள் பொருள் கொண்டு வந்திருக்கின்றன. ஆனால் அதே ஊரில் அவருடைய கையிருப்பில் வேறு சொந்தக் கட்டடம் காலியாக இருந்தால், விசேஷக் காரணம் இல்லாமல் உத்தரவு கிடைக்காது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று இப்போதே அக்கம்பக்கத்தில் விசாரித்து வையுங்கள். இன்னொன்றும் உண்டு. சொந்தத் தேவை என்று சொல்லி வீட்டைப் பெற்றவர், தக்க காரணமின்றி ஒரு மாதத்துக்குள் குடிவராவிட்டாலோ, குடிவந்து ஆறு மாதத்துக்குள் விட்டுப் போய்விட்டாலோ, வெளியேற்றப்பட்டவர் வீட்டைத் திரும்பக் கேட்டு மனுச் செய்யலாம். அதிக வாடகைக்கு வேறு ஆளை வைப்பதற்காகப் பொய்த் தேவை காட்டுவது இந்தப் பக்கத்தில் அபூர்வம் அல்ல என்பதால் இந்த உட்பிரிவை நினைவில் வையுங்கள்.

தம்பி ஃபியூஸைக் கழற்றுவேன் என்றது வெறும் மிரட்டலாக இருக்கலாம். ஆனாலும் 13ஆம் பிரிவின்படி, போதுமான காரணமின்றி குடித்தனக்காரர் அனுபவித்து வரும் தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் அதிகாரியான அக்காமடேஷன் கண்ட்ரோலரிடம் மனுக் கொடுக்கலாம். பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எடுத்துப் போடும் அளவுக்குப் போனால், 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது, சட்ட வழியில்லாமல் இறக்கினார்களா என்பது மட்டுமே பார்க்கப்படும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மிரட்டல் தொடர்ந்தால் முன்சீப் கோர்ட்டில் இன்ஜங்ஷன் (தடையுத்தரவு) கேட்கலாம். நிலையான இருப்பில் இருப்பவரைச் சட்டத்தின் வழியல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் ராமே கவுடா வழக்கில் சொன்னதை வக்கீல்கள் இதற்கு எடுத்துக் காட்டுவார்கள்.

பெண் என்ற முறையில் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தாலுகா சட்டப் பணிக் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். கராரை அங்கேயே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் எல்லைக்காரன்:

மேலே குமாஸ்தா ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், சற்றுத் தள்ளினால் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதி. இரண்டு பக்கமும் உறவும் வாடகையும் கலந்து கிடப்பதால், அங்கே கேட்ட சட்டத்தை இங்கே சொல்லிக் குழப்பிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் குடியிருப்பு தொடர்ந்தால், மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம்தான் அது நீளும். அதற்கு மேலும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்துவிடும். கோயம்புத்தூரில் வீடு விட்டுப் பழகிய உங்கள் வீட்டுக்காரர், 'கரார் முடிந்துவிட்டது, காரணம் தேவையில்லை' என்று இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அவரிடம் சண்டைக்கு நிற்பதைவிட, இந்த வேறுபாட்டை வக்கீல் கடிதமாக ஒரு முறை அவருக்கு எழுதி அனுப்பினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் என்று ஒன்றை வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள். அது மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்த மாதிரி மட்டுமே. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உறவு மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒரு மாநிலம் தன் சட்டமாக இயற்றிக்கொண்டால் ஒழிய அதிலுள்ள எந்த வரியும் யாரையும் கட்டுப்படுத்தாது.

கொழிஞ்சாம்பாறை வீட்டுக்காரர்:

இங்கே எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுவதால், வீடு விடுகிறவனின் தரப்பையும் சொல்ல விரும்புகிறேன். இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டி, அந்த வாடகையில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளும் வயதானவர்கள் எங்கள் பகுதியில் பலர் இருக்கிறார்கள். இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டால், முன்சீப் கோர்ட், மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என்று வருடக்கணக்காக இழுக்கும். அதனால்தான் பலரும் பதினொரு மாதத்துக்கு மேல் எழுதுவதில்லை, சிலர் வாடகை என்ற சொல்லே வராமல் லைசென்ஸ், அதாவது தங்கிக்கொள்ள வெறும் அனுமதி, என்று எழுதுகிறார்கள், இன்னும் சிலர் பூட்டியே போட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஃபியூஸைக் கழற்றுவேன் என்பதை நானும் ஏற்கமாட்டேன். சகோதரியிடம் என் வேண்டுகோள் இதுதான்: உங்களுக்குச் சட்டம் துணையாக இருக்கலாம், அதற்காகக் காலவரையின்றி இருந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். தேர்வு முடியும் வரை இன்ன தேதி என்று நீங்களே ஒரு தேதி சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டால், அட்வான்ஸும் சிக்கலில்லாமல் திரும்ப வரும்.

தத்தமங்கலத்துக் குடித்தனக்காரி:

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. எங்கள் வார்டு சட்டத்துக்குள் வருகிறது என்று வக்கீல் அம்மா ஒருவர் உறுதியாகச் சொன்னார். கொழிஞ்சாம்பாறை அண்ணா சொன்னது நியாயமாகப் படுகிறது. காலமெல்லாம் இங்கேயே இருக்க வேண்டும் என்று எங்களுக்கும் எண்ணமில்லை.

இதற்கிடையில் ஒரு புதிய செய்தி. வீட்டை விற்பதற்காகத்தான் காலி செய்யச் சொல்கிறாராம். வாங்குகிறவர் நேற்று வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். வந்தவர் கையோடு ஒரு தாள் கொண்டுவந்து, 'வீட்டைப் பார்க்க வந்தேன் என்பதற்கு ஒரு கையெழுத்து' என்று கேட்டார். என் கணவர் வெளியே போயிருந்ததால் போடவில்லை. தாள் மலையாளத்தில் இருந்தது. விற்பனை நடந்துவிட்டால் புதியவர் எங்களை உடனே இறக்கிவிட முடியுமா? அடுத்த மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று கணவர் சொல்கிறார், அது சரியா?

வேலந்தாவளம் கடைக்காரன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நகராட்சிக்கு வெளியே, 1965 சட்டம் வராத பஞ்சாயத்தில் கடை வைத்திருப்பவனுக்கு என்ன பாதுகாப்பு? வீடு வைத்திருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கும் பதினொரு மாதக் கரார் முடிந்துவிட்டது.

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:

முதலில் வேலந்தாவளத்து அண்ணனுக்கு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வராத இடத்தில் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் செல்லும். அதன் 106ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாதவாடகையை முடிக்க, விவசாயத்துக்கோ உற்பத்திக்கோ விடாத இடமாக இருந்தால், பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் கசப்பான உண்மை. ஆனால் நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. நோட்டீஸ் கெடு முடிந்தாலும் அவரே பூட்டுப் போட முடியாது, சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு உத்தரவு வாங்கியே ஆக வேண்டும். நாள் கணக்கில் ஒன்றிரண்டு குறைகிறது என்று நோட்டீஸைக் குற்றம் சொல்லித் தப்பிப்பதும் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கடினம். அந்தக் கெடுவுக்குப் பின்னால் வழக்குப் போட்டிருந்தால், குறை பொருட்படுத்தப்படாது. உங்களுக்குச் சட்டத்தைவிட, வீட்டுக்காரரோடு மூன்று வருடத்துக்குக் கரார் எழுதிப் பதிவு செய்துகொள்வதுதான் பலம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டாலொழிய செல்லாது என்பதால், செலவுக்கு அஞ்சி வெறும் முத்திரைத்தாளோடு நிறுத்திவிடாதீர்கள்.

இனி சகோதரிக்கு. விற்பனை என்பது குடித்தனக்காரரை இறக்குவதற்கான காரணமாக 1965 சட்டத்தில் இல்லை. வாங்குகிறவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறாரே தவிர, காலி வீட்டை வாங்கியவராக ஆகிவிடுவதில்லை. உங்கள் குடித்தனமும் வீட்டோடு சேர்ந்து அவரிடம் போகிறது. தனக்குக் குடியிருக்க வேண்டும் என்று அவர் கேட்கலாம்தான். ஆனால் 11(3)இன் ஒரு விதிவிலக்கின்படி, கிரயத்தின் மூலம் உரிமை பெற்றவர் அந்தப் பத்திரத் தேதியிலிருந்து ஒரு வருடம் முடியும் வரை சொந்தத் தேவை என்று மனுப் போடவே முடியாது. குடித்தனக்காரரோடு சேர்த்து வாங்கினால் விலை குறையும் என்பதாலேயே, விற்பதற்கு முன்னால் காலி செய்துவிட வீட்டுக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். உங்களுக்கு வந்த குரல் பதிவின் அவசரம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கியிருப்பதும் அதனால்தான்.

கையெழுத்துப் போடாமல் அனுப்பியது மிக நல்லது. வீட்டைப் பார்க்க வந்ததற்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. அது இருப்பை விட்டுக் கொடுக்கும் ஒப்படைப்புக் கடிதமாகவோ, வாடகை பாக்கியை ஒப்புக்கொள்ளும் தாளாகவோ இருந்திருக்கலாம். படித்துப் பொருள் புரியாத மொழியில் எதிலும் கையெழுத்து வேண்டாம். சிற்றூர் வட்டம் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி அங்குள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். போலீஸ் நிலையமோ தாலுகா அலுவலகமோ போக நேர்ந்தால் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். தம்பி அனுமதியின்றிப் பின்கட்டுக்குள் நுழைந்ததும், அதுவே தொடர்ந்தால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் சொல்லப்பட்ட அத்துமீறலாகப் பார்க்கப்படக் கூடும். வீடு அவர் அண்ணனுடையதாக இருக்கலாம், அதன் இருப்பு உங்களிடம் இருக்கிறது.

உங்கள் கணவர் சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று வாடகையை நிறுத்தினால், இதுவரை காரணமே இல்லாமல் தவித்த வீட்டுக்காரருக்கு நாமே ஒரு காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். 12ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டி, மேற்கொண்டும் கட்டி வராதவர் நீதிமன்றத்தில் எதிர்வாதமே செய்ய முடியாது. ஐந்தாம் தேதி எப்போதும்போல் அனுப்புங்கள், குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். அவர் ஜிபேயை முடக்கினால் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் மணியார்டர் அனுப்பி, மறுத்துத் திரும்பி வந்த படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள். வந்த குரல் பதிவையும் அழித்துவிடாதீர்கள். மெய்யான சொந்தத் தேவை என்று பிறகு அவர் சொன்னால், காரணம் கேட்காதே என்று முதலில் அவர் வாயாலேயே சொன்னதற்கு அது சாட்சி.

கொழிஞ்சாம்பாறை அண்ணா சொன்ன வழக்கு இழுபறி உண்மைதான். குடித்தனக்காரரை நீதிமன்றம் சந்தேகமின்றிக் காப்பாற்றும் அளவுக்கு, மெய்யான தேவையுள்ள வீட்டுக்காரரை விரைந்து காப்பாற்றுவதில்லை. ஆனால் லைசென்ஸ் என்று தலைப்புப் போட்டுவிட்டால் சட்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. தலைப்பைப் பார்ப்பதில்லை, வீட்டின் தனி அனுபவம் யாரிடம் இருந்தது என்றே பார்ப்பார்கள். 1959ஆம் ஆண்டு முதல் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லி வருகிறது.

அவர் சொன்ன சமரசத்துக்கு நீங்கள் இணங்குவதாக இருந்தால், தாளை உங்கள் வக்கீல் எழுதட்டும். தேர்வு முடியும் தேதி, அட்வான்ஸ் தொகை, அதைத் திருப்பித் தரும் நாள், அதுவரை மின்சாரமும் தண்ணீரும் தடைபடாது என்ற உறுதி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். விற்பவரோடு வாங்குகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கிரயம் முடிந்த மறுநாள் அட்வான்ஸுக்கு அவரைக் கேள், இவரைக் கேள் என்று உங்களை அலைய வைப்பார்கள். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.